சீர்திருத்தம் வந்தா யார் கை ஓங்குது? திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டையில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பி.எஃப் கிளைம், பென்ஷன் பாரம், நலவாரிய கார்டு புதுப்பிக்கது எல்லாம் ஆன்லைன்ல போட்டுக் குடுப்பேன். சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும்போது பெஞ்சுல உக்காந்திருக்கவங்க கேக்குற சந்தேகம் வருசக்கணக்கா கிட்டத்தட்ட ஒண்ணுதான். புது லேபர் கோடு, அதாவது தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த பிறகு அது இன்னும் கூடிப்போச்சு, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதான் உக்காந்து எழுதிட்டேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியேதான் போட்டிருக்கேன்.

சீர்திருத்தம் சீர்திருத்தம்ங்காங்களே, அப்படின்னா என்ன தம்பி? எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

தொழில் நடத்த யாரு யாருகிட்ட பெர்மிஷன் கேக்கணும், எந்த சரக்குக்கு எவ்வளவு வரி, ஆளை எப்படி வேலைக்கு வைக்கலாம் எப்படி நிறுத்தலாம், இந்த மாதிரி விதிகளை அரசாங்கம் மொத்தமா மாத்துறதுதான் சித்தி. நம்ம நாட்டுல பெருசா நடந்தது 1991 ஜூலைல. டாலர் கையிருப்பு கரைஞ்சு ரெண்டு மூணு வார இறக்குமதிக்குத்தான் காணும்னு ஆகி, தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி அடகு வச்சாங்க. நரசிம்ம ராவ் பிரதமர், மன்மோகன் சிங் நிதியமைச்சர். ஜூலை 24 பட்ஜெட், அதே நாள் புது தொழில்கொள்கையும் வந்துச்சு, பெரும்பாலான தொழிலுக்கு லைசென்ஸே வேண்டாம்னு ஆக்கிட்டாங்க. அதுக்குப் பிறகு 2005ல சிறப்புப் பொருளாதார மண்டல சட்டம், 2017ல ஜி.எஸ்.டி, இப்போ லேபர் கோடுன்னு வரிசையா வந்துக்கிட்டே இருக்கு.

சம்பந்தம் என்னன்னா, ஒவ்வொரு தடவை விதி மாறும்போதும் சரக்கு விலை மட்டும் மாறல, உங்க கணக்குப்பிள்ளை உங்ககிட்ட எந்தக் குரல்ல பேசலாம்ங்கிறதும் சேர்ந்து மாறுது. நியூஸ்ல முதல் பாதியைத்தான் சொல்லுவாங்க. நான் ரெண்டாவது பாதியைப் பத்தித்தான் சொல்லப்போறேன்.

முதலாளி முதலாளிதான், தொழிலாளி தொழிலாளிதான? அதிகாரம் எப்படி அங்கயும் இங்கயும் மாறும்?

எங்க அம்மா முக்கூடல் பக்கம் பீடி சுத்துனவ. சொளவை மடியில வச்சு, ஈரத்துணியில பொதிஞ்ச இலையை கத்தரியால வெட்டி, தூளை வச்சு உருட்டி, நூலைக் கட்டி, ராத்திரி பத்து பதினோரு மணி வரைக்கும் விரல் நிக்காது. மறுநாள் கடையில கொண்டுபோய் குடுத்தா, அங்க இருக்குற ஆளு கட்டைப் பிரிச்சு இது சரியில்ல அது சரியில்லன்னு ஒரு கை அள்ளி கழிச்சு அந்தப் பக்கம் போட்டுருவாரு. கழிச்சதுக்குக் கூலி கிடையாது, கழிச்ச பீடியைத் திருப்பியும் தரமாட்டாங்க. அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டா. ஏன்னா பேசுனா நாளைக்கு இலை கிடைக்காது, இலை கிடைக்கலன்னா சனிக்கிழமை கூலி இல்ல, கூலி இல்லன்னா பலசரக்குக் கடைக் கடனைக் குடுக்க முடியாது. அந்தக் கடைக்காரருக்கோ எங்க அம்மா வரலன்னா அடுத்த தெருவுல நாப்பது பேர் இருக்காங்க.

அதிகாரம்னு நான் சொல்லுதது இதைத்தான். ரெண்டு பேர்ல யாரால "வேண்டாம் போ"ன்னு சொல்லிட்டு அதிக நாள் காத்திருக்க முடியுதோ அவங்க கை ஓங்கி நிக்கும். அம்மாவால ஒரு வாரம் காத்திருக்க முடியாது, அவரால ஒரு வருசம் முடியும், அவ்வளவுதான் வித்தியாசம். எந்த சீர்திருத்தம் வந்தாலும் நான் ரெண்டே கேள்விதான் கேட்டுப் பாப்பேன். தொழிலாளி காத்திருக்கக்கூடிய நாளை இது கூட்டுதா குறைக்குதா? முதலாளி ஒரு காரியம் செய்யுததுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது கேக்க வேண்டியிருக்கா, இல்ல கேக்க வேண்டாம்னு ஆயிருச்சா?

அப்போ 1991க்கு முன்னாடி தொழிலாளி ராஜாவாட்டம் இருந்தாராக்கும்?

இல்லவே இல்ல. விக்கிரமசிங்கபுரம் மில்லுலயும் தாழையூத்து சிமெண்ட் ஆலையிலயும் பெர்மனென்ட்டா இருந்தவங்களுக்கு ஒரு கௌரவம் இருந்துச்சு. மில்லுல வேலைன்னா பொண்ணு குடுக்க யோசிக்கமாட்டாங்க, குவார்ட்டர்ஸ், போனஸ், பையனுக்கு வாரிசு வேலைன்னு ஒரு வாழ்க்கை. ஆனா அப்படிப்பட்டவங்க நாட்டுல பத்துல ஒருத்தர் கூட கிடையாது. மத்தவங்க எல்லாம் எங்க அம்மா மாதிரி, வயல்ல, சூளையில, பீடிக்கடையில, ஓட்டல்ல. 1947ல வந்த தொழில்தகராறு சட்டமோ 1976ல அதுல சேர்த்த பாதுகாப்போ அவங்க வீட்டு வாசலை மிதிச்சதே இல்ல.

இன்னொண்ணையும் சொல்லணும். சட்டம் இருந்தாத்தான் பலம்னு கிடையாது. தூத்துக்குடி அப்போ திருநெல்வேலி ஜில்லாவுலதான் இருந்துச்சு, அங்க கோரல் மில்லுல 1908 பிப்ரவரி 27ல வேலைநிறுத்தம் ஆரம்பிச்சப்போ தொழிற்சங்கச் சட்டம்னு ஒண்ணே நாட்டுல கிடையாது, அது 1926லதான் வந்துச்சு. வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் முன்னாடி நின்னாங்க, ஊர்க்காரங்க பணம் திரட்டி வேலைநிறுத்தம் செஞ்சவங்க வீட்டுல உலை கொதிக்க வச்சாங்க, அதனால அவங்களால காத்திருக்க முடிஞ்சுது. பத்து நாள் தாங்கல, நிர்வாகம் இறங்கி வந்து கூலியைக் கூட்டி ஞாயித்துக்கிழமை லீவும் குடுத்துச்சு. மார்ச் 12ல வ.உ.சியைக் கைது செஞ்சதும் மறுநாள் திருநெல்வேலியே கொந்தளிச்சுது. மேல சொன்ன கணக்கு அன்னிக்கும் அதேதான், யாரு எத்தனை நாள் தாங்குவாங்க.

கம்பெனி நிறைய வந்தா வேலைதான கூடும்? இதுல தொழிலாளிக்கு என்ன நட்டம்?

வேலை கூடுது, இல்லன்னு சொல்லமாட்டேன். கங்கைகொண்டான் சிப்காட்டுல டயர் கம்பெனி, சோலார் கம்பெனின்னு வந்து நம்ம ஊர் பொண்ணுங்க யூனிஃபார்ம் போட்டு பஸ் ஏறிப் போறதைப் பாத்தா எனக்கு சந்தோசமாத்தான் இருக்கு. பீடிச் சொளவை விட்டு எந்திரிச்சுப் போன பொண்ணுங்க அதுல எத்தனையோ பேர்.

ஆனா முதலீட்டுக்குக் கால் முளைச்சிருச்சு, அதைக் கவனிக்கணும். முன்னாடி ஆலையை எங்க வைக்கணும்னு அரசாங்கத்துக்கிட்ட லைசென்ஸ் வாங்கணும், வச்ச பிறகு நினைச்சா தூக்கிட்டுப் போக முடியாது. இப்போ தமிழ்நாடா ஆந்திராவா குஜராத்தான்னு கம்பெனி கேக்கும், மாநிலம் எல்லாம் நிலம் தாரேன் கரண்ட் தாரேன் வரி விடுதேன்னு போட்டி போடும். தொழிலாளியால அப்படி நகர முடியுமா? அவருக்கு ரேசன் கார்டு இங்க, பிள்ளை பள்ளிக்கூடம் இங்க, வயசான அப்பா இங்க. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2006ல ஆரம்பிச்சு 2014 நவம்பர்ல மூடுனப்போ கம்பெனிக்கு உலகம் பூரா வேற இடம் இருந்துச்சு, அங்க வேலை பாத்த நம்ம தென்மாவட்டத்துப் பிள்ளைங்க பலருக்கு ஊருக்கு பஸ் ஏறுறது மட்டும்தான் இருந்துச்சு. போயிருவோம்னு ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லணும்னு கூட இல்ல, போக முடியும்னு எல்லாருக்கும் தெரிஞ்சாலே போதும், சம்பளப் பேச்சுவார்த்தை அங்கயே பாதி முடிஞ்சு போச்சு.

காண்ட்ராக்ட் லேபர்னு எடுக்காங்களே, அது சட்டப்படி சரியா தப்பா?

இதுதான் என் கடையில நம்பர் ஒன் கேள்வி. சட்டப்படி அனுமதி உண்டு, ஆனா எல்லா வேலைக்கும் கிடையாது. 1970 சட்டம் காண்ட்ராக்ட் முறையை ஒழுங்குபடுத்தவும் சில இடத்துல ஒழிக்கவும்னு வந்தது, நிரந்தரமா நடக்குற முக்கிய வேலைக்கு காண்ட்ராக்ட் ஆள் கூடாதுங்கிறதுதான் அதோட நோக்கம். ஒழிச்சா அந்த ஆளுங்க தானா கம்பெனி ஆளாயிருவாங்கன்னு 1996ல சுப்ரீம் கோர்ட் ஏர் இந்தியா வழக்குல சொல்லிச்சு, 2001ல ஸ்டீல் அத்தாரிட்டி வழக்குல அதே கோர்ட் அதை மாத்தி, தானா ஆகமாட்டாங்கன்னு தீர்ப்பு குடுத்துச்சு. என் அறிவுக்கு எட்டினவரை 1991 பட்ஜெட்டை விட இந்த ஒரு தீர்ப்பு ஷாப் ஃப்ளோர்ல அதிகமா வேலை செஞ்சிருக்கு. 2000 வாக்குல பதிவு பெற்ற ஆலைத் தொழிலாளிங்கள்ல அஞ்சுல ஒருத்தர் காண்ட்ராக்ட், இப்போ அது 40 சதவீதத்தைத் தாண்டிருச்சு, அரசாங்கத்தோட ஆலைக் கணக்கெடுப்புலயே இருக்கு.

நேர்ல பாத்தா எப்படி இருக்கும்னு சொல்லுதேன். கிளைம் போட வந்த ரெண்டு பையங்க, ஒரே மெஷின், ஒரே ஷிப்ட், ஒருத்தன் கார்டுல கம்பெனி பேர், இன்னொருத்தன் கார்டுல ஏதோ எண்டர்பிரைசஸ்னு காண்ட்ராக்டர் பேர். சம்பளத்துல பாதிக்குப் பாதி வித்தியாசம். காண்ட்ராக்ட் பையனோட பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்தா நாலு வருசத்துல மூணு காண்ட்ராக்டர் பேர், நடுவுல நடுவுல ஒரு மாசம் ரெண்டு மாசம் இடைவெளி, அவன் பாத்ததோ அதே கேட்டு அதே வேலை. அந்த இடைவெளி ஏன்னா, 1981 தமிழ்நாட்டுச் சட்டம் ஒண்ணு இருக்கு, 24 மாசத்துல 480 நாள் வேலை பாத்தா நிரந்தரம் பண்ணணும்னு. 480 வந்துரக்கூடாதுன்னு பிரேக் குடுக்காங்க, அப்படியும் வந்துட்டா "அவன் எங்க ஆளே இல்ல, காண்ட்ராக்டர் ஆளு"ன்னு சொல்லுதாங்க. சண்டை போடணும்னா முதல்ல உன் முதலாளி யாருன்னே வழக்கு போட்டுத்தான் நிரூபிக்கணும், அதுக்கே வருசம் ஓடிரும்.

புது லேபர் கோடுல என்ன மாறிச்சு அண்ணாச்சி? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில சொன்னா பொய்யாயிரும். 29 மத்திய சட்டங்களை நாலா மடிச்சிருக்காங்க, சம்பளம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு. சம்பளக் கோடு 2019ல நாடாளுமன்றத்துல நிறைவேறுனது, மத்த மூணும் 2020ல.

தொழிலாளி பக்கம் வந்தது: முன்னாடி பட்டியல்ல இருக்குற தொழிலுக்கு மட்டும்தான் குறைந்தபட்ச கூலி, இப்போ எல்லாருக்கும். வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் குடுத்தே ஆகணும். குறிப்பிட்ட காலத்துக்குன்னு வச்ச ஆளுக்கு ஒரு வருசத்துலயே கிராஜுவிட்டி (பணிக்கொடை), முன்னாடி அஞ்சு வருசம். மொத்த சம்பளத்துல அலவன்ஸ் பாதிக்கு மேல போகக்கூடாது, போனா அதையும் சம்பளமாத்தான் கணக்கு வைக்கணும், அதனால கிராஜுவிட்டி கூடும்.

முதலாளி பக்கம் போனது: ஆளைக் குறைக்கவும் மூடவும் முன் அனுமதி கேக்க வேண்டிய வரம்பு 100ல இருந்து 300 ஆளுக்கு ஏறிருச்சு. மின்சாரம் வச்சு ஓடுற இடத்தை ஃபேக்டரின்னு சொல்ல முன்னாடி 10 பேர் போதும், இனி 20. காண்ட்ராக்ட் விதி 20 பேருக்கு மேலன்னு இருந்தது 50 ஆயிருச்சு. காலம் குறிச்சு வேலைக்கு வைக்கிறது சட்டப்படியே வழக்கமாயிருச்சு. ரெண்டு பட்டியலையும் சேர்த்துப் பாத்தா எனக்குத் தோணுறது இதுதான், தனி ஆளுக்குக் கையில கிடைக்கிற காசு சில இடத்துல கூடுது, சேர்ந்து நிக்கிற பலம் பல இடத்துல குறையுது. காசை அடுத்த வருசம் விலைவாசி தின்னுரும். சேர்ந்து நிக்கிற பலம் இருந்தாத்தான் அதைத் திரும்பக் கேட்டு வாங்க முடியும்.

300 பேருக்குக் கீழன்னா இஷ்டத்துக்குப் பூட்டிட்டுப் போயிரலாமா?

இல்ல. ஆளைக் குறைச்சா ஒரு மாச நோட்டீஸ், வருசத்துக்கு 15 நாள் சம்பளம்னு நட்டஈடு, அதெல்லாம் இருக்கு. 50 பேருக்கு மேல இருந்து மூடுனா 60 நாள் முன்னாடி அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தணும். ஆனா தெரியப்படுத்துறது வேற, அனுமதி கேக்குறது வேற. அனுமதின்னா ஒரு அதிகாரி முன்னாடி ரெண்டு தரப்பும் உக்காந்து, உண்மையிலயே நட்டமா கணக்கைக் காட்டுன்னு கேக்க ஒரு இடம் இருக்கும். தெரியப்படுத்தினா போதும்னா கேட்டுல ஒட்டுன தாள்தான் இருக்கும். நான் மேல சொன்ன ரெண்டாவது கேள்வி இங்கதான் வருது.

இந்த 300க்கு ஒரு பழைய கதை உண்டு. 1976ல முதமுதலா வந்தப்போ 300தான். 1982 திருத்தத்துல 100ன்னு இறக்குனாங்க, 2020ல மறுபடி 300. ஆக எண்ணு கல்வெட்டு இல்ல, அந்தந்தக் காலத்துல யார் சத்தம் எடுபட்டுச்சோ அதுக்கு ஏத்தபடி ஏறி இறங்கியிருக்கு.

இனிமே ஸ்ட்ரைக்கே பண்ண முடியாதுங்காங்களே, உண்மையா?

பண்ணலாம், ஆனா சட்டப்படி பண்ணுறது கஷ்டமாயிருச்சு. முன்னாடி கரண்ட், தண்ணி மாதிரி அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் நோட்டீஸ் கட்டாயம், இனி எல்லா தொழிலுக்கும் 14 நாள் முன்னாடி குடுக்கணும். சமரசப் பேச்சுவார்த்தை நடக்கும்போதும் அது முடிஞ்சு 7 நாளும் ஸ்ட்ரைக் கூடாது. பாதிப்பேர் ஒரே நாள்ல சொல்லி வச்ச மாதிரி லீவு போட்டா அதுவும் ஸ்ட்ரைக் கணக்குதான். அந்த 14 நாள்ல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க, ஆர்டரை வேற யூனிட்டுக்கு மாத்தலாம், ஸ்டாக் சேர்த்து வைக்கலாம், வெளியூர் ஆளை இறக்கலாம். தொழிலாளியோட ஒரே ஆயுதம் திடீர்னு நிறுத்துறது, அதுல இருந்த திடீரை எடுத்துட்டாங்க.

அரசு ஊழியர் நிலைமை வேற. 2003ல தமிழ்நாட்டுல ஒண்ணே முக்கால் லட்சம் பேர் பக்கம் ஒரே அடியா டிஸ்மிஸ் ஆனாங்க, அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் அடிப்படை உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, பிறகு பெரும்பாலானவங்களைத் திரும்ப எடுத்தாங்க.

அதுக்காக எல்லாம் முடிஞ்சு போச்சுன்னும் இல்ல. 2024 செப்டம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் சாம்சங்ல 37 நாள் உக்காந்தாங்க, முக்கியமா கேட்டதே சங்கத்தைப் பதிவு பண்ணுங்க, அங்கீகரிங்கன்னுதான். 2025 ஜனவரில சங்கம் பதிவாச்சு. 1926 சட்டம் குடுத்த ஒரு உரிமையை வாங்க 37 நாள் சம்பளத்தை விட்டிருக்காங்க.

எங்கம்மா வீட்டுல இருந்து பீடி சுத்துதா. அவளுக்கு இதெல்லாம் எதுவும் பண்ணுமா?

மேலப்பாளையம், முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கத்துல இருந்து வாரவங்க எல்லாரும் கேக்குறது இது, நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான். வீட்டுல இருந்து சுத்துறவங்களையும் தொழிலாளின்னு ஒத்துக்கிட்டது 1966 பீடித் தொழிலாளர் சட்டம். 1976ல நலநிதிச் சட்டம் வந்துச்சு, சுத்துற பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்காரங்க செஸ்ங்கிற தனி வரி கட்டணும், அந்தப் பணம் தனி நிதிக்குப் போகும். முக்கூடல்ல பீடித்தொழிலாளர் ஆஸ்பத்திரி, பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப், வீடு கட்ட மானியம் எல்லாம் அந்த வழியில வந்ததுதான். நான் ஸ்கூல் நோட்டு வாங்குனதே அந்த ஸ்காலர்ஷிப்ல.

2017ல ஜி.எஸ்.டி வந்தப்போ பீடிக்கு 28 சதவீதம் வரி போட்டு, பழைய செஸ்ஸை எடுத்துட்டாங்க. செஸ் இருந்தவரை பீடி சுத்துனா நிதி சேரும், அது அவங்களுக்குன்னே ஒதுக்குன காசு. இப்போ பட்ஜெட்ல எவ்வளவு ஒதுக்குதாங்களோ அவ்வளவு. உரிமையா இருந்தது தயவா மாறிருச்சு. பேப்பர்ல யாரும் இதைப் பெருசா எழுதல, செஸ் ஒழிப்பு வரி எளிமையாக்கம்னுதான் போட்டாங்க, நம்ம வீடுகளுக்கு அது அதிகார இடமாத்தம். வரி ஏறி விற்பனை படுத்துருச்சுன்னு வாரத்துக்கு ஆறு நாள் குடுத்த இலையை மூணு நாள் ஆக்குன கடைகளும் உண்டு, அந்த நட்டம் யார் தலையில விடிஞ்சுதுன்னு சொல்லணுமா.

அம்மா பேர்ல பி.எஃப் இருக்கான்னு முதல்ல பாருங்க. கார்டு ஒருத்தர் பேர்ல, சுத்துறது இன்னொருத்தர்னு இருந்தா இப்பவே சரிபண்ணுங்க, அறுவது வயசுல அதை வச்சுக்கிட்டு அலையுறவங்களை வாரா வாரம் பாக்கேன்.

நூறு நாள் வேலையாலதான் வயலுக்கு ஆளே கிடைக்கல, விவசாயம் அழிஞ்சுதுன்னு எங்க பெரியப்பா சொல்லுதாரு.

பெரியப்பா கஷ்டம் உண்மை. நெல்லு விலை அவர் கையில இல்ல, உரம் விலை அவர் கையில இல்ல, கூலி மட்டும்தான் அவர் பேரம் பேசுற இடம், அதுவும் ஏறிருச்சு. ஆனா ஏன் ஏறுச்சுன்னு பாக்கணும். 2006ல அந்தத் திட்டம் ஆரம்பிச்ச பிறகு நடவுக்குக் கூப்பிட்டா "இவ்வளவு குடுத்தா வாரேன், இல்லன்னா கம்மாய் வேலைக்குப் போறேன்"னு ஒரு பொம்பளை ஆள் சொல்ல முடிஞ்சுது. அவ ஆத்தா காலத்துல அப்படிச் சொல்ல வாயே வந்திருக்காது. காத்திருக்கக்கூடிய நாளைக் கூட்டுன சீர்திருத்தம்னா அதுக்கு இதை விட நல்ல உதாரணம் என்கிட்ட இல்ல.

2025 டிசம்பர்ல அந்தச் சட்டத்தை மாத்திப் புதுசு கொண்டு வந்திருக்காங்க. நாள் 100ல இருந்து 125 ஆயிருக்கு, நல்லதுதான். ஆனா விதைப்பு அறுப்பு சீசன்ல 60 நாள் வரைக்கும் வேலையை நிறுத்தி வைக்கலாம்னும் அதுலயே இருக்கு. கூலிக்காரிக்குப் பேரம் பேச பலம் இருக்குறதே அந்த சீசன்லதான், சரியா அந்த நேரத்துல மாற்று வழியை அடைச்சா 25 நாள் கூடுதலா குடுத்ததுக்கு என்ன பலன்? பெரியப்பாவுக்கு நியாயமான நெல்லு விலை கிடைச்சா அவரால கூலி குடுக்க முடியும், அந்தச் சண்டையை அவர் மேல்நோக்கிப் போடணும்.

நான் பத்து பேரை வச்சு லேத் பட்டறை நடத்துதேன். என்னையும் பெரிய கம்பெனியையும் ஒரே தட்டுல வைக்கீங்களே?

வைக்கல அண்ணாச்சி, இது நியாயமான கேள்வி. சீர்திருத்தம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவுல மட்டும் அதிகாரத்தை மாத்தல, பெரிய முதலாளிக்கும் சின்ன முதலாளிக்கும் நடுவுலயும் மாத்துது. உங்ககிட்ட சரக்கு வாங்குற கம்பெனி ஆறு மாசம் கழிச்சுப் பணம் தரும், நீங்க கேட்டா அடுத்த ஆர்டர் கிடையாது, உங்க பையங்களுக்கு சனிக்கிழமை சம்பளம் குடுத்தாகணும். கழிச்சுப் போட்டப்போ எங்க அம்மா வாயைத் திறக்காம நின்னாளே, அதே இடத்துலதான் நீங்களும் நிக்கீங்க.

உங்களுக்கும் சட்டம் உண்டு. 2006 சிறு குறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும். அது ஏட்டுல இருந்துச்சு. 2024 ஏப்ரல்ல இருந்து வருமானவரியில ஒரு பிடி போட்டாங்க, 45 நாள் தாண்டுனா அந்தத் தொகையை எந்த வருசம் குடுத்தாரோ அந்த வருசச் செலவாத்தான் சரக்கு வாங்குறவர் காட்ட முடியும். உதயம் பதிவு, அதான் சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு, வச்சிருக்கீங்களான்னு பாருங்க, அது இருந்தாத்தான் இது செல்லும். அதே நேரம் உங்க பத்துப் பேருக்கும் ஈ.எஸ்.ஐ போட்டீங்களான்னு நானும் உங்ககிட்ட கேப்பேன்.

சங்கத்துக்காரன் எல்லாம் கடைசியில மேனேஜ்மென்ட்கிட்ட காசு வாங்கிட்டுப் போயிருவான், பிறகு எதுக்கு சங்கம்?

அப்படி நடந்தது உண்டு, மறைக்க மாட்டேன். எங்க தாத்தா மில்லுல அதைப் பாத்து நொந்து சந்தா கட்டுறதையே நிறுத்துனவரு. ஆனா தலைவர் சரியில்லன்னா தலைவரை மாத்தணும், தனியா நிக்கிறது அதுக்கு மாற்று இல்ல. புது கோடுல இன்னொரு சிக்கலும் உண்டு, 51 சதவீதம் ஆள் இருக்குற சங்கம்தான் ஒரே பேச்சுவார்த்தை சங்கம், யாருக்கும் 51 இல்லன்னா 20 சதவீதம் இருக்குற சங்கங்கள் சேர்ந்த கவுன்சில். சங்கம் அஞ்சாறா சிதறிக் கிடக்குறதை இது குறைக்கும். ஆனா பாதிப்பேர் காண்ட்ராக்ட்னா அவங்க ஓட்டு எங்க? அந்த 51ங்கிறதே கேட்டுக்கு உள்ள இருக்குற பாதி ஆளோட கணக்கு.

அப்போ சீர்திருத்தம்னாலே முதலாளி பக்கம்தானா?

கிடையாது. 2021ல தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு சட்டம் வந்துச்சு, கேரளா 2018லயே செஞ்சது. வண்ணார்பேட்டை துணிக்கடைகள்ல காலையில பத்து மணிக்கு நின்னா ராத்திரி ஒம்பதரை வரைக்கும் நிக்கிற பொண்ணுங்களைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது எவ்வளவு பெருசுன்னு புரியும். எங்க சித்தி மக தீபாவளி சீசன் முடிஞ்சு வந்தா கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கும். இப்போ ஸ்டூல் இருக்கு, கஸ்டமர் இல்லாதப்போ உக்காரலாம், சூப்பர்வைசர் முறைச்சா காட்ட ஒரு சட்டம் இருக்கு.

2023 ஏப்ரல் 21ல இதே சட்டமன்றத்துல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதா நிறைவேறுச்சு. சங்கங்கள், கூட்டணிக் கட்சிகள் எல்லாம் எதிர்த்தாங்க, மே 1 அன்னிக்கு முதல்வர் ஸ்டாலின் வாபஸ்னு அறிவிச்சாரு. பத்தே நாள். ஒரே அரசாங்கம் ரெண்டு பக்கமும் போயிருக்கு, எந்தப் பக்கம் எதிர்ப்பு பலமோ அந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு.

மாஞ்சோலையில நடந்தது இதுல சேருமா?

சேரும், ஆனா அது புது சீர்திருத்தத்தால வந்தது இல்ல, அதுக்கு முந்தின காலத்து அதிகாரத்தோட கதை. 1929ல சிங்கம்பட்டி ஜமீன் மாஞ்சோலை மலையில 8,373 ஏக்கரை எஸ்டேட் கம்பெனிக்கு 99 வருச குத்தகைக்குக் குடுத்தது. நாலு தலைமுறை தேயிலை பறிச்சாங்க. வேலையும் எஸ்டேட்டுது, வீடும் எஸ்டேட்டுது. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23ல கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமா வந்தப்போ தடியடிக்குப் பயந்து ஓடி தாமிரபரணியில 17 பேர் செத்தாங்க, கைக்குழந்தை உள்பட. கொக்கிரகுளம் பாலத்துல பஸ் போகும்போது இன்னிக்கும் எனக்கு அது ஞாபகம் வரும்.

2024ல விருப்ப ஓய்வுன்னு கையெழுத்து வாங்கிட்டு இறங்கச் சொன்னாங்க. விருப்பம்ங்கிற வார்த்தையைக் கவனிங்க. வேலை போனா அன்னிக்கே கூரையும் போகும்னா, ஒருத்தர் எத்தனை நாள் காத்திருக்க முடியும்? சொந்தமா ரெண்டு சென்ட் நிலமும் ஒரு வீடும் இருந்திருந்தா அந்தக் கையெழுத்தே வேற மாதிரி இருந்திருக்கும்.

நாளைக்கு என்னை கேட்டுல நிறுத்தி வராதன்னு சொன்னா முதல்ல என்ன செய்யணும்?

வெள்ளைத்தாள்ல எதுலயும் கையெழுத்து போடாதீங்க, இனி வேலைக்கு வரல நானே நிக்கிறேன்னு எழுதிக் கேட்டா கண்டிப்பா போடாதீங்க. வேலைக்கு வந்தேன், உள்ள விடலன்னு அன்னிக்கே ஸ்பீட் போஸ்ட்ல கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் ரெண்டு பேருக்கும் அனுப்புங்க. பிறகு லேபர் ஆபீஸ்ல சமரச அதிகாரிகிட்ட மனு, அங்க 45 நாள்ல முடியலன்னா நேரா தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இதுக்கு முன்னாடி 3 வருசம் வரைக்கும் டைம் இருந்துச்சு, புது கோடுல 2 வருசம்தான், பேசிப் பாப்போம் பேசிப் பாப்போம்னு காலத்தைக் கடத்தி விட்டுறாதீங்க.

வரும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஐ.டி கார்டு, பி.எஃப் நம்பர், பேங்க் பாஸ்புக், எது இருக்கோ கொண்டு வாங்க. ஒண்ணுமே இல்லன்னா கம்பெனி பஸ்ல எடுத்த போட்டோ, ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் மெசேஜ் கூட பரவாயில்ல, அழிச்சிராம வச்சிருங்க, பிரிண்ட் போட்டுத் தாரேன்.